வேகமான வில்லும் பொறுக்கிற வில்லும்

போன வாரம் கடைப்பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்லவில்லை, வந்த ஆளுக்கு வில் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான். "இருக்கிறதிலேயே வேகமானது எது?" நம்மாள் சுவரிலிருந்து ஒன்றை இறக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். கை எவ்வளவு நீளம், காட்டுக்குக் கொண்டுபோகிறாரா மைதானத்துக்கா, இதற்கு முன்னால் எதை எய்திருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. நான் இதே கடையில் வில் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன், வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்த டீ செரிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், படித்துவிட்டு யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

வேகம் வேகம் என்று பறக்கிறீர்களே, பெட்டிமேல் போட்டிருக்கும் அந்த வேகம் யாருடைய வேகம்? நீண்ட கை உள்ள ஒரு வெள்ளைக்காரன் எழுபது பவுண்டு இழுப்புக் கனத்தை முப்பது அங்குலம் இழுத்து, இலேசான அம்பாகப் பார்த்து எடுத்து விட்டால் வருகிற வேகம். நம் கடை இருக்கிற தாமுவேயில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் போய் அளந்து பாருங்கள். முப்பது அங்குலம் இழுக்கிற கை எத்தனை அகப்படும் என்று எனக்கு வந்து சொல்லுங்கள். நம் ஆட்கள் அதே வில்லை இழுத்தால் பெட்டிமேல் போட்ட வேகத்தில் பெரிய பங்கு காணாமல் போய்விடும். வில்லின் முரட்டுத்தனம் மட்டும் குறையாமல் வந்து சேரும்.

ஓரங்களில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு வேகம் கூடுவது பெரும்பாலும் நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக் குறைப்பதால். இடைவெளி குறைந்தால் அம்பு நாணோடு கூடுதல் நேரம் ஒட்டிக்கொண்டு தள்ளப்படுகிறது. சரி, அந்த நேரத்தில் உங்கள் கை சும்மா இருக்குமா? பிடி இறுகும், மணிக்கட்டு திரும்பும். அவ்வளவும் அம்புக்குள் போய்ச் சேரும். இடைவெளி அதிகமான வில்லில் அம்பு முன்னதாகவே கிளம்பிவிடுகிறது, நீங்கள் செய்த தப்பு அதை எட்டிப் பிடிப்பதற்குள் போய்விடுகிறது. அதைத்தான் நாம் பொறுக்கிற வில் என்கிறோம். உயரமும் அப்படித்தான். குட்டை வில் புதருக்குள் நுழைய வசதி, ஆனால் கை நடுங்கினால் அதுவும் நடுங்கும். நெட்டை வில் அசமந்தம், வைத்த குறியில் நிற்கும்.

வேட்டைக்கும் போட்டிக்கும் ஒரே வில் கேட்டு வருவார்கள். கேட்பதில் தப்பில்லை. வேகத்துக்கும் பொறுமைக்கும் நடுவில் ஒன்றைத் தேட வேண்டியதுதான். அந்த நடு எங்கே இருக்கிறது என்று வந்திருக்கிற ஆளைப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் சுவரைப் பார்க்கிறீர்கள்.

எண்பத்தெட்டில் பர்மா முழுக்கப் போராட்டம் நடந்து கல்லூரிகளெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், தாமுவேயில் இருந்த விளையாட்டுச் சாமான் கடையில் பாட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டச் சேர்ந்தவன் நான். முதலாளி கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். அண்ணன் என்கிற முறையில் எல்லாருக்கும் அவர் காக்கா. பல வருடம் கழித்து பாங்காக்கிலிருந்து வில்கள் வரத் தொடங்கியபோது, "நரம்பு கட்டுறவனுக்கு நாண் கட்டத் தெரியாதா?" என்று சொல்லி என்னை அந்த வேலைக்குத் திருப்பிவிட்டார். பாங்காக்கில் பழுதுபார்க்கிற ஒரு தாய்லாந்துக்காரரிடம் கொஞ்ச நாள் அனுப்பினார். அந்த ஆளும் நானும் பேசிக்கொள்ள எங்களுக்குள் ஒரு மொழியும் கிடையாது. வருகிற ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுக்கச் சொல்வார். அவர் வில்லைப் பார்க்கவே மாட்டார், இழுக்கிறவரின் முழங்கையையும் முகவாயையும்தான் பார்ப்பார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இனி ஊ தங்கராஜ். நம் ஆள்தான், தமிழர். ஆற்றோரத்தில் அலோனில் மரக் கிடங்கு வைத்திருந்தார். பர்மியர்கள் மரியாதையாக 'ஊ' சேர்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். வில் சங்கத்துக்குப் புரவலர் அவர். மைதான வாடகை அவருடையது, இலக்குப் பலகை அவருடையது. பகோ மலைப்பக்கம் மரம் எடுக்கப் போகும்போது பன்றி வேட்டை ஆடுவார். ஆள் நல்ல உயரம். ஒருநாள் கடைக்கு வந்து எங்களிடம் இருந்ததிலேயே வேகமான வில்லைக் காட்டச் சொன்னார். குட்டை வில், இடைவெளி மிகக் குறைவு, ஓரச் சக்கரங்கள் வெடுக்கென்று இழுக்கும் ரகம்.

நான் சொன்னேன், "ஐயா, காட்டில மழை பெய்யும், கை விறைச்சுப்போகும். இது ஒண்ணையும் பொறுக்காது. பக்கத்துல இருக்கிறதைப் பாருங்க. வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா தப்புப் பண்ணினா மன்னிக்கும்."

"எனக்கு எதுக்குப்பா மன்னிக்கிற வில்லு? நான் என்ன தப்பாப் பண்ணப்போறேன்?"

காக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். வில் போய்விட்டது. அவர் போன பிறகு நான் கத்தினேன். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு, "தம்பி, நான் வில்லு விக்கிறேன், நீ வில்லங்கம் விக்கிறே. ரெண்டும் ஒரே கடையில நடக்காது" என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஊ தங்கராஜ் திரும்பி வந்தார். பன்றி அருகிலேதான் நின்றிருக்கிறது. ஈரக் கையில் பிடி வழுக்காமல் இருக்க இறுக்கிப் பிடித்திருக்கிறார். அம்பு நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றில் போய்விட்டது. பன்றி ஓடிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லையாம். வயிற்றில் அம்போடு ஓடுகிற மிருகம் உடனே சாகாது. எந்தப் புதரில் எவ்வளவு நேரம் துடித்துக் கிடந்ததோ. அவர் சொன்னது என்ன தெரியுமா? "அம்பு சரியில்லைப்பா." அதே கட்டில் மீதியிருந்த அம்புகளை நான் சுழற்றிக் காட்டினேன், எல்லாம் நேராக இருந்தன. அவற்றைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அன்னிக்கு இன்னொண்ணு சொன்னியே, அதைக் குடு" என்றார்.

கொடுத்தேன். அளவெடுத்து, கனத்தைக் குறைத்து, பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் எய்ததெல்லாம் அந்தப் பொறுக்கிற வில்லால்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் கோபமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்போது சங்கத்தில் எய்துகொண்டிருந்த பெண் மா வா வா; பெரியவர்களுக்கு 'ஊ' மாதிரி இளம்பெண்களுக்கு 'மா'. தமிழ்க் காதுக்கு யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். அவள் அப்பாவே கேலி செய்வார், "பேரைச் சொன்னாலே வந்து நிக்கிற புள்ளை" என்று. அப்பா தமிழர், அலோன் துறையில் மூட்டை தூக்கியவர். அம்மா பர்மியப் பெண். அந்த வருடம் அப்பா முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். வா வா விடிகாலையில் க்யிம்யிண்டைங் சந்தையில் காய்கறிக் கூடை தூக்கிவிட்டு, முகத்தில் பூசிய தனக்காச் சாந்துகூடக் காயாமல் மைதானத்துக்கு வருவாள். அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டியில் முதல் நான்கு பேருக்கு அணி முகாமில் இடம். இடம் கிடைத்தால் சாப்பாடு, படுக்கை, மாதச் சம்பளம். கிடைக்காவிட்டால் தையல் ஆலையில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். ஆலைக்குள் போனால் வில் அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமைகூட மிஞ்சாது.

அவள் எய்துகொண்டிருந்தது சங்கத்தின் பழைய வில். நெட்டை, மந்தம், பெயின்ட் உரிந்தது. நான் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தேன். அவள் இழுப்புக்கு அளவெடுத்து வைத்ததுபோல இருந்தது. அதை வைத்துக்கொண்டு பயிற்சியில் அவள் முதல் நால்வருக்குள்தான் இருந்தாள், பெரும்பாலும் இரண்டாவதாக.

தேர்வுக்கு முந்தைய வாரம் சங்கத்தில் ஒரு விழா. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, வா வா தேர்வில் எய்யட்டும் என்று ஊ தங்கராஜ் ஒரு வில்லைத் தானம் கொடுத்தார். எந்த வில் என்று நான் சொல்லவும் வேண்டுமா? தனக்கு ஆகாத அதே வில். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், நாற்காலியின் கையை உடைத்துவிடலாம்போல இருந்தது.

வா வா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதே அதன் கனம் அவள் தோளில் தெரிந்தது. ஊ தங்கராஜ் அவளிடம் தமிழில் கேட்டார், "என்னம்மா, புடிச்சிருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள், வில்லைப் பார்த்தாள், "ஆனா..." என்று ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். கூடம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். ஏன் என்று உங்களுக்கு விளங்கும், இந்த ஊரில் பிறந்தவர்கள் நீங்கள். தமிழில் 'ஆனா' என்றால் மறுப்பு ஆரம்பிக்கிறது. பர்மிய மொழியில் 'ஆனா' என்றால் கூச்சம். உங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுக்கிறேனே, உங்கள் மனம் நோகக்கூடாதே என்கிற அந்தக் கூச்சம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பர்மியக் காதால் கேட்டார்கள். பெண் நன்றியில் கூசுகிறாள் என்று நினைத்து, "கூச்சப்படாதே, வாங்கிக்கோ, வாங்கிக்கோ" என்று பர்மிய மொழியில் அன்பாகச் சத்தம் போட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊ தங்கராஜுக்குத் தமிழ் தெரியும். கேள்வியைத் தமிழில் கேட்டவரே அவர்தான். எந்த ஆனா என்று தெரிந்துகொண்டே வசதியான ஆனாவை எடுத்துக்கொண்டு, அவளைத் தட்டிக்கொடுத்து, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் வில்லைச் சரிபண்ண அவள் கடைக்கு வந்தாள். போட்டி விதிக்குள் வருகிற அளவுக்கு இழுப்புக் கனத்தைக் குறைத்தேன். அதற்கு மேல் திருகைத் தளர்த்தினால் வில்லின் கைகள் பிடியை விட்டுத் தெறித்துவிடும், யாராவது கண் இழப்பார்கள். இழுப்பு நீளத்தையும் முடிந்த மட்டும் சுருக்கினேன். அந்தச் சக்கரத்துக்கு இருந்த மிகக் குட்டையான அளவே அவளுக்கு ஓர் அங்குலம் அதிகம். இழுக்கச் சொன்னேன். வில்லைக் கூரையைப் பார்க்கத் தூக்கித்தான் அவளால் இழுக்க முடிந்தது. முன்கை முழுக்க நீண்டு பூட்டிக்கொண்டது, நாண் போகிற வழியிலேயே கை நின்றது, விட்டால் நாண் கையில்தான் அடிக்கும்.

"கனமா இருக்கா?"

"யபாடெ, அண்ணே."

யபாடெ. பரவாயில்லை, சமாளிக்கலாம், நன்றி, வேண்டாம், விடுங்கள், இத்தனைக்கும் இந்த ஊரில் அந்த ஒரே சொல்தான். பஸ்ஸில் காலை மிதித்தாலும் யபாடெ, வீடு ஒழுகினாலும் யபாடெ. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ.

"யபாடெயா? தோள் கழண்டு தரையில விழுந்தாலும் யபாடென்னு பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போவியா? வாயைத் திறந்து சொல்லு!"

அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் என்ன அண்ணே சொல்றது? ஐயா முன்வரிசையில வந்து உக்காருவாரு. அவரு குடுத்ததை நான் கீழே வச்சா, இத்தனை பேருக்கு நடுவில அவரு மூஞ்சி என்னாகும்? மைதானமே அவருதுதானே? எனக்கு அப்புறம் வர்ற புள்ளைங்க என்ன பண்ணும்?"

காக்கா என்னைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "அந்தப் புள்ளை மேல ஏன் பாயுறே? பாய வேண்டிய ஆளு அலோன்ல இருக்காரு, தைரியம் இருந்தாப் போ" என்றார்.

போனேன். ரம்பம் ஓடுகிற சத்தத்தில் பாதி கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வில் அவளுக்குப் பொருந்தவில்லை, தேர்வு முடிகிறவரைக்குமாவது பழைய வில்லில் எய்யட்டும் என்றேன். ஊ தங்கராஜ் மனம் புண்பட்டவராகப் பார்த்தார்.

"தானம் குடுத்ததை வேண்டாம்னு சொல்லச் சொல்றியா? அந்தப் பாவம் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"நீங்களே எய்யாத வில்லுங்க ஐயா அது."

"எனக்கு அது ராசி இல்லை. புள்ளைக்கு ராசியா இருக்கும்."

ராசி! நாணுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளிக்கு ராசி என்று பெயர் வைத்துவிட்டார். திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போயிருந்தேன், அங்கே நான்கு கணக்குப்பிள்ளைகள் முன்னால் அவரைத் திட்டினால் அவளுக்கு என்ன நடக்கும் என்று யோசித்து நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன். கோபம் சரியானதாக இருந்தாலும் அதைச் செலவழிக்க இடம் பார்க்க வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லக் காரணம், உங்களில் சிலர் வாடிக்கையாளரிடம் கத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

தேர்வு நாளன்று காலையில் எருமையை ஒரு பழைய லுங்கியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். சாமான் சோதனை நடக்கும்போது வா வா பெயரில் மாற்று வில்லாக அதையும் வைத்து, நடுவரின் முத்திரையை வாங்கிக்கொண்டேன். சோதிக்காத வில்லைப் பாதியில் கொண்டுவந்தால் யாரும் தொடவிட மாட்டார்கள். நீங்களும் போட்டிக்குப் போகும்போது இதை மறக்காதீர்கள், உங்கள் ஆள் வேண்டாம் என்று சொன்னாலும் மாற்று வில்லுக்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

வா வா முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தாள். அந்தப் புழுக்கத்தில் அதுவே எனக்கு உறுத்தியது. நாணடி தாங்குகிற கைக்காப்பைச் சட்டைக்கு மேலேயே கட்டியிருந்தாள். எய்ய ஆரம்பித்தார்கள். அவளுடைய அம்புகள் வேகமாகத்தான் போயின, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். இலக்குப் பலகையில் பட்டால் டமார் என்று சத்தம், ஊ தங்கராஜ் ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார். அம்புகள் பலகையின் நடுவில் இருக்கிற மஞ்சளை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. ஒன்று இடதில், அடுத்தது கீழே, ஒன்று மஞ்சளில், அடுத்தது நீலத்தில். ஒவ்வொரு முறை விடும்போதும் அவள் உதட்டைக் கடித்தாள். பாதி முடிந்தபோது அவள் ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்தாள்.

இடைவேளையில் நான் நடுவரிடம் போனேன். வயதான பர்மியர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், நேர்மையான ஆள். இந்த வில் இவளுக்கு ஆபத்து, மாற்று வில் சோதித்து வைத்திருக்கிறது, பாருங்கள் என்றேன். எய்கிறவருக்கு வில் ஆபத்து என்று தோன்றினால் மாற்றச் சொல்ல நடுவருக்கு உரிமை உண்டு. அவர் வந்தார். முன்வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளிடம் மெதுவாக, "யலா?" என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம்.

வா வாவும் முன்வரிசையைப் பார்த்தாள்.

"யபாடெ."

நடுவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அவர் மேல் என்ன குற்றம்? கேட்க வேண்டியதைக் கேட்டார், பதில் கிடைத்தது. அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வில்லில் பழுது என்று பொய் சொல்லலாம். நாணின் சுற்றுநூலை நகத்தால் பிய்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. ஆனால் பழுதுபார்க்கிறவன் ஒருமுறை பொய் சொன்னால், பிறகு எந்த மைதானத்திலும் அவன் பேச்சு எடுபடாது. கத்தலாம். கத்தினால் அவள் இன்னும் நான்கு தடவை யபாடெ சொல்வாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் நான் அவளிடம் வார்த்தையையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளால் தர முடியாத ஒன்றே ஒன்று அந்த வார்த்தைதான்.

"வா வா," என்றேன் தமிழில், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். யாரையும் குறை சொல்ல வேணாம். கைக்காப்பை அவுத்துச் சட்டைக் கையை மட்டும் மடக்கு."

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். நடுவரும் நின்றார், என் தமிழ் புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்க வேண்டும். அவள் கைக்காப்பை அவிழ்த்தாள். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தாள், இன்னொரு மடிப்பு. முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டுவரை கறுப்பும் ஊதாவுமாக வீங்கியிருந்தது. அன்று ஒருநாளில் வந்ததல்ல, பழைய கன்றலின் மேல் புதியது. ஓர் இடத்தில் தோல் பிளந்து சட்டைத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது, அதை அவள் பிய்த்து எடுத்தாள்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாற்று வில்லைக் கொண்டுவா" என்றார்.

ஊ தங்கராஜ் எழுந்து வந்துவிட்டார். "என்ன, வில்லு உடைஞ்சுபோச்சா?"

"வில்லுக்கு ஒன்றும் இல்லை" என்று மட்டும் பர்மிய மொழியில் சொன்னார் நடுவர். சொல்லிவிட்டு அவள் கையைக் காட்டினார். ஊ தங்கராஜ் பார்த்தார். போய் உட்கார்ந்துகொண்டார்.

மீதிச் சுற்றை அவள் எருமையில் எய்தாள். கை வீங்கியிருந்தது, சில அம்புகள் தடுமாறின, அந்த வில் பொறுத்துக்கொண்டது. மெதுமெதுவாக ஏறி நான்காவது இடத்துக்கு வந்து நின்றாள். கடைசி இடம், ஆனாலும் இடம்தான். மதிப்பெண் வாசித்தபோது அவள் அம்மா புல்தரையில் உட்கார்ந்து அழுதார். நான் எருமையின் நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இன்றைக்கு நான் இவ்வளவு எரிச்சலோடு எழுதமாட்டேன். புகைப்படம் எடுக்க நால்வரையும் நிறுத்தினார்கள். ஊ தங்கராஜ் வந்தார், பளபளக்கிற அந்தக் குட்டை வில்லைக் கொண்டுவரச் சொல்லி வா வாவின் கையில் கொடுத்தார், பக்கத்தில் நின்றார். அவள் சட்டைக் கையை மறுபடி இறக்கிவிட்டிருந்தாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டினார்கள். அடுத்த வாரமே கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "வா வா எய்து ஜெயிச்ச வில்லு இருக்கா?"

காக்கா பாங்காக்குக்குச் சொல்லி இன்னும் வரவழைத்தார். அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் எதிர்க்கடைக்காரர்கள் வந்து விலக்கினார்கள். "உண்மையைச் சொல்லி வித்தா எவன் வாங்குவான்?" என்று அவர் கேட்டார். "இழுத்துப் பார்க்காம ஒரு வில்லும் இந்தக் கடையை விட்டுப் போகக்கூடாது, போனா நானும் போறேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கடை நடுவில் போட்டு, "உக்காரு, வர்றவன் முழங்கையைப் பார்த்துக்கிட்டே இரு, எனக்கென்ன" என்றார். வேகம் கேட்டு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்கள். கூரையைப் பார்த்து வில்லைத் தூக்கியவர்களுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. சிலர் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். சிலர் இன்னும் எய்துகொண்டிருக்கிறார்கள்.

வா வா முகாமிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது நேராகக் கடைக்கு வந்தாள். சங்கத்து வில்லான எருமையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், சொந்தமாக ஒன்று வேண்டும் என்றாள். அன்றைக்கு ஊ தங்கராஜும் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது, அது நடிப்பில்லை. அவள் மேல் அவருக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசத்தை எப்படிச் செலவழிப்பது என்றுதான் தெரியவில்லை. எழுந்துபோய், அந்த மாதம் வந்து இறங்கிய புதிய வில்லை, இருந்ததிலேயே வேகமானதை, தானே சுவரிலிருந்து இறக்கினார்.

"இதை எடுத்துக்கம்மா. நீ ஒண்ணும் குடுக்க வேணாம், நான் வாங்கித் தர்றேன்."

நான் வாயைத் திறந்தேன். முக்காலிக்கு அடியில் காக்கா என் காலை மிதித்தார். அவளுக்காக நான் பேசக்கூடாது என்கிறாரா, வியாபாரத்தைக் கெடுக்கக்கூடாது என்கிறாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வா வா கையை நீட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மயபூ, ஐயா."

முடியாது, ஆகாது. பெரியவர்கள் முகத்துக்கு நேரே இந்த ஊர்ப் பெண் அவ்வளவு எளிதில் சொல்லாத சொல். ஊ தங்கராஜ் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோலச் சிரித்துக்கொண்டே வில்லை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அவள் இந்தமுறை தமிழில் சொன்னாள், எந்தக் காதால் கேட்டாலும் ஒரே அர்த்தம் வருகிற மாதிரி.

"வேணாங்க ஐயா. நீங்க குடுக்கிறீங்கன்னு எடுத்துக்க முடியாது. நான் இழுத்துப் பார்த்துத்தான் எடுப்பேன்."

அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. நான் முக்காலியிலிருந்து எழுந்து, அந்த வில்லை அவர் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன்.